மனா பூல்ஸ்: வெள்ளம் வராத வெள்ளச் சமவெளி

ஆப்பிரிக்கக் காடுகளுக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் மனத்தில் ஒரு பட்டியலோடுதான் போவார்கள். ஜிம்பாப்வேயின் வடக்கு எல்லையில், சாம்பசி ஆற்றின் தென்கரையில் இருக்கும் மனா பூல்ஸ் தேசியப் பூங்காவில் அந்தப் பட்டியல் பாதியிலேயே நின்றுவிடும். ஒட்டகச்சிவிங்கி அங்கே கிடையாது. செரங்கெட்டிப் படங்களில் லட்சக்கணக்கில் ஓடுகிற வில்டபீஸ்ட் என்ற மான்வகை கிடையாது. இவை இரண்டும் இந்தப் பள்ளத்தாக்கில் இயல்பாகவே இல்லாதவை. காண்டாமிருகம் இருந்தது, 1980களின் தொடக்கத்தில் கறுப்புக் காண்டாமிருகங்கள் மிகுதியாக வாழ்ந்த இடங்களில் ஒன்று இது. இப்போது ஒன்றுகூட இல்லை. தங்கும் இடங்களில் பெரும்பாலானவை வெறும் கூடாரத் திடல்கள், சுற்றி வேலி இல்லை. ஆண்டில் நான்கைந்து மாதம் மழையில் பாதைகள் சேறாகி, உள்ளே போவதே பாடாகிவிடும்.

இத்தனைக்கும் பிறகு, ஆப்பிரிக்கக் காடுகளைக் கரைத்துக் குடித்தவர்கள் பலர் தமக்குப் பிடித்த இடமாக இதைத்தான் சொல்கிறார்கள். காரணம் எளிது. இங்கே வண்டியை விட்டு இறங்கி நடக்கலாம். ஆப்பிரிக்காவின் பெரிய பூங்காக்களில் பெரும்பாலும் சாலையில் கால் வைத்தாலே அபராதம். மனா பூல்ஸில் தனி அனுமதிச் சீட்டு வாங்கிக்கொண்டு, துப்பாக்கியேந்திய வழிகாட்டி இல்லாமலும் சிங்கமும் யானையும் காட்டெருமையும் உள்ள காட்டுக்குள் நடப்பது பல பத்தாண்டுகளாக அனுமதிக்கப்பட்டு வந்திருக்கிறது. எனக்குத் தெரிந்து, இந்த அளவு சுதந்திரத்தை இந்த அளவு ஆபத்தோடு சேர்த்துக் கொடுக்கும் தேசியப் பூங்கா வேறு சொல்லத் தோன்றவில்லை. வழிகாட்டி இல்லாமல் போவது அறிவுடைமையா என்பது வேறு கேள்வி. என் கருத்து: கூடாது.

ஆனால் அந்த அனுமதி எப்படிச் சாத்தியமாகிறது என்று பார்த்தால், அதிகாரிகளின் பெருந்தன்மையைவிட நிலத்தின் அமைப்பே முக்கியக் காரணமாகத் தெரியும். புதர்க்காட்டில் நடப்பது ஆபத்து. பத்தடிக்கு அப்பால் என்ன நிற்கிறது என்று தெரியாது. மனா பூல்ஸின் ஆற்றோரம் அப்படியில்லை. உயரமான மரங்கள், அகன்ற விதானம், அடியில் சருகும் மணலும் தவிரப் பெரிதாக எதுவுமில்லை. நூறு, இருநூறு மீட்டருக்கு அப்பால் நிற்கும் யானை தெளிவாகத் தெரியும். அதற்கும் நம்மைத் தெரியும். இரு தரப்புக்கும் விலகிப்போக நேரம் கிடைக்கிறது. அந்தத் திறந்த காட்டை உண்டாக்கியது சாம்பசி ஆறு. அதுவும் இன்றைய சாம்பசி அல்ல, 1958க்கு முந்தைய சாம்பசி.

சுமார் 2,700 கிலோமீட்டர் ஓடும் இந்த ஆறு, மனா பூல்ஸ் பகுதியில் ஒரு பெரும் நிலப்பிளவின் அடியில் அகன்று, மெதுவாகப் போகிறது. எதிர்க்கரை ஜாம்பியா, அங்கே லோயர் சாம்பசி தேசியப் பூங்காவுக்குப் பின்னால் மலைச்சரிவு சுவர்போல எழுந்து நிற்கும். ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக ஆறு கொஞ்சம் கொஞ்சமாக வடக்கே நகர்ந்து வந்திருக்கிறது. நகரும்போது கைவிட்ட பழைய போக்குகள்தான் இன்று குளங்களாக நிற்கின்றன. ஆண்டு முழுக்க நீர் வற்றாத நான்கு பெரிய குளங்களில் மிகப் பெரியது லாங் பூல். சுமார் ஆறு கிலோமீட்டர் நீளம், நீர்யானைகளும் முதலைகளும் நெருக்கியடித்துக் கிடக்கும் இடம்.

ஆறு விலகிய நிலத்தைக் கரையிலிருந்து உள்ளே நடந்தால் அடுக்கடுக்காகப் படிக்கலாம். நீரை ஒட்டிப் புதிய மணல் திட்டு. அதற்கு அடுத்த பழைய திட்டில் ஆல்பிடா மரங்கள். இன்னும் பழைய மேட்டில் அத்தி, மகோகனி, கருங்காலி இனங்கள். அதற்கும் அப்பால், வெள்ளம் எட்டாத களிமண்ணில் மோப்பானே காடு. பிறகு உள்ளே நுழையவே முடியாத முட்புதர்.

ஆல்பிடாவைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது முறை தவறிய மரம். வேல மரத்தின் உறவுதான். ஆனால் ஊரோடு ஒத்துப்போகாது. மழைக்காலத்தில் மற்ற மரமெல்லாம் தளிர்க்கும்போது இது இலையை உதிர்த்து மொட்டையாக நிற்கும். மழை ஓய்ந்து நிலம் காயத் தொடங்கியதும் பசுமையாகத் தழைக்கும். ஆழமாக இறங்கிய வேர் நிலத்தடி நீரைத் தொட்டுவிடுவதால் கோடை அதற்கு ஒரு பொருட்டில்லை. சஹாராப் பாலைவனத்தின் தென்விளிம்பில் உள்ள சாஹேல் பகுதி உழவர்கள் இதை வயலுக்குள்ளேயே விட்டுவைப்பதற்கும் இந்தத் தலைகீழ்ப் பழக்கம்தான் காரணம். பயிர் வளரும் மழைக்காலத்தில் நிழல் விழாது, உதிர்ந்த இலை உரமாகும், வேர் மண்ணில் நைட்ரஜன் சேர்க்கும்.

மனா பூல்ஸில் இதன் பயன் நெற்றில் இருக்கிறது. செப்டம்பர், அக்டோபர் மாதங்களில், புல் எரிந்து, வெயில் நாற்பது டிகிரியைத் தாண்டி, தின்ன ஒன்றுமில்லாத வேளையில் ஆல்பிடாவின் சுருண்ட ஆரஞ்சு நிற நெற்றுகள் உதிரத் தொடங்கும். புரதம் நிறைந்தவை. நன்கு வளர்ந்த மரம் ஒரு பருவத்தில் நூறு கிலோவுக்கு மேல் உதிர்க்கும். யானை நெற்றியை அடிமரத்தில் அழுத்தி ஓர் உலுக்கு உலுக்கும், நெற்று கொட்டும். மேலே பபூன் குரங்குகள் கிளையை ஆட்டும். கீழே இம்பாலா மான்கள் காத்திருக்கும். ஈலாண்ட், கூடூ, வாட்டர்பக் என்ற பெரிய மான்வகைகள், வரிக்குதிரை எல்லாம் வந்து சேரும். கடினமான விதை யானையின் வயிற்றுக்குள் போய், சாணத்தோடு வெளியே வந்து, முளைக்கத் தயாராகக் கிடக்கும்.

மனா பூல்ஸுக்குப் பெயர் வாங்கித் தந்த காட்சியும் இந்த மரத்தடியில்தான் நடக்கிறது. அங்குள்ள சில ஆண் யானைகள், துதிக்கைக்கு எட்டாத கிளையைப் பிடிக்கப் பின்னங்கால்கள் இரண்டில் மட்டும் எழுந்து நிற்கும். இதில் மிகவும் பேர்பெற்றது 'பாஸ்வெல்' என்று வழிகாட்டிகள் அழைக்கும் யானை. அது கிளையை முறித்துப் போடும்போது, சிந்துவதைப் பொறுக்க மற்ற யானைகள் அடியிலேயே நிற்கும். சர்க்கஸ் பயிற்சி எதுவும் இல்லை. பல டன் எடையை இரு கால்களில் தாங்குவது லேசுப்பட்ட காரியமும் இல்லை. எல்லா யானைகளும் இதைச் செய்வதில்லை என்பதால், ஒன்றைப் பார்த்து ஒன்று கற்றிருக்கலாம் என்று பலர் கருதுகிறார்கள்.

படம் எடுப்பவர்கள் இந்தக் காட்டின் நீலம் கலந்த ஒளியைப் பற்றி ஓயாமல் பேசுவார்கள். மாலை வெயில் தூசிக்குள் புகுந்து, பின்னால் ஜாம்பிய மலைச்சரிவு மங்கலாக நிற்க, முன்னால் ஆல்பிடா வரிசை. உண்மையிலேயே அழகுதான். ஆனால் அந்தப் படங்களைக் கொஞ்சம் உற்றுப் பார்த்தால் ஒன்று உறுத்தும்: மரங்கள் எல்லாம் பெரியவை. இளங்கன்று எங்கே?

இங்கேதான் அணை வருகிறது. பூங்காவுக்கு மேற்கே, ஆற்றின் மேல்பக்கத்தில் கரிபா மலையிடுக்கை அடைத்து 128 மீட்டர் உயரத்தில் எழுப்பிய அணை 1958 டிசம்பரில் மூடப்பட்டது. தேங்கிய நீர் 5,000 சதுர கிலோமீட்டருக்கு மேல் பரவியது; கொள்ளளவில் இன்றும் உலகின் மிகப் பெரிய செயற்கை ஏரி அதுதான். ஏறக்குறைய 57,000 தோங்கா மக்கள் தம் ஊர்களை இழந்தார்கள். நீரில் தத்தளித்த ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட விலங்குகளைப் படகிலும் கயிற்றிலும் பிடித்துக் கரையேற்றிய 'ஆபரேஷன் நோவா' உலகச் செய்தியானது. மனிதர்களின் இடப்பெயர்வு அந்த அளவு செய்தியாகவில்லை என்பதையும் சேர்த்தே நினைவில் வைக்க வேண்டும்.

அணைக்குக் கீழே நடந்தது யாருக்கும் செய்தியாகவில்லை, ஏனென்றால் நடந்தது ஒன்றுமில்லாமை. ஆண்டுதோறும் மழைக்குப் பின் ஆறு கரை மீறிச் சமவெளியில் பரவி, வண்டலைப் போட்டு, புதிய திட்டுகளைக் கட்டிவிட்டு வடியும். அது நின்றுபோனது. மின்சாரத்துக்குச் சுழலியைச் சுற்றிவிட்டு வரும் நீர் ஆண்டு முழுக்க ஏறக்குறைய ஒரே சீராக வருகிறது. வண்டல் ஏரியின் அடியில் தங்கிவிடுகிறது. வண்டல் இறங்கிய தெளிந்த நீருக்கு மண் பசி அதிகம். போகிற வழியில் கரையை அரித்துக்கொண்டே போகும். எப்போதாவது ஏரி நிரம்பி மதகுகள் திறந்தால் திடீரென்று பெருவெள்ளம் வரும். அது பழைய வெள்ளத்தின் வேலையைச் செய்வதில்லை.

ஆல்பிடா புதிய, ஈரமான வண்டல் திட்டில் கூட்டமாக முளைக்கும் முன்னோடி மரம். திட்டு கிடைக்காவிட்டால் கூட்டமும் கிடைக்காது. முளைக்கிற சில கன்றுகளையும் இம்பாலாவும் யானையும் மேய்ந்துவிடுகின்றன. முதிர்ந்த மரங்கள் வயதாகியும், யானை பட்டை உரித்தும், கரை சரிந்தும் ஒவ்வொன்றாக விழுகின்றன. குற்றவாளி அணையா யானையா என்பதில் நெடுநாள் வாதம் உண்டு. யானை மேல் பழி போடுவது எளிது, அது கையும் களவுமாக மாட்டிக்கொள்கிறது. அணை எண்பது, நூறு கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிறது. இரண்டும் சேர்ந்தே வேலை செய்கின்றன என்றாலும், யானையும் ஆல்பிடாவும் அணைக்கு முன்னாலும் ஒன்றாகத்தான் வாழ்ந்தன என்பதை மறக்கக் கூடாது. எப்படிப் பார்த்தாலும், இன்று பயணிகள் காசு கொடுத்துப் பார்ப்பது பழைய ஆறு நட்டுவிட்டுப் போன மரங்களை.

இன்னொரு அணை வந்திருந்தால் பார்க்க இதுகூட மிஞ்சியிருக்காது. 1980களின் தொடக்கத்தில், கீழ்ப்பக்கம் உள்ள முபாட்டா மலையிடுக்கில் நீர்மின் திட்டம் ஒன்று பேசப்பட்டது. கட்டியிருந்தால் சமவெளி முழுக்க நீருக்கடியில். அதை எதிர்த்த இயக்கத்தின் சூட்டில்தான் 1982ல் சாம்பசி சொசைட்டி என்ற இயற்கைப் பாதுகாப்பு அமைப்பு உருவானது. 1984ல் மனா பூல்ஸும் அதை ஒட்டிய சாப்பி, செவோரே பகுதிகளும் சேர்ந்து, மொத்தம் 6,766 சதுர கிலோமீட்டர், யுனெஸ்கோவின் உலக இயற்கைப் பாரம்பரியத் தலமாயின. திட்டம் கைவிடப்பட்டது.

ஏறக்குறைய அதே காலத்தில் இன்னொரு பேரிடி. ஆற்றைக் கடந்து வந்த கொம்புத் திருடர்கள் காண்டாமிருகங்களைச் சுடத் தொடங்கினார்கள். 'ஆபரேஷன் ஸ்ட்ராங்ஹோல்ட்' என்ற பெயரில் வனக்காவலர்கள் அவர்களோடு துப்பாக்கிப் போரே நடத்தினார்கள், பலர் உயிரிழந்தார்கள். பத்தாண்டுக்குள் கதை முடிந்தது. மிஞ்சிய சில விலங்குகளைப் பிடித்து நாட்டின் உட்பகுதிக்குக் கொண்டுபோய்விட்டார்கள். அடுத்து தந்தத்தின் முறை வந்தது. 2014ல் கண்டம் முழுக்க விமானத்திலிருந்து யானைகளைக் கணக்கெடுத்தபோது, ஜிம்பாப்வேயின் சாம்பசிப் பள்ளத்தாக்கில் 2001ஐ விடச் சுமார் 40 விழுக்காடு குறைந்திருப்பது தெரிந்தது.

இந்தப் பள்ளத்தாக்கைப் பல தலைமுறைகள் காத்தது சட்டமோ யுனெஸ்கோவோ அல்ல, செட்சி ஈ என்று சொன்னால் மிகையாகாது. மாட்டுக்கு நகானா நோயையும் மனிதனுக்குத் தூக்க நோயையும் பரப்பும் இந்த ஈ இருந்ததால் மாட்டுப் பண்ணைகள் இங்கே நுழையவில்லை. ஆற்றோரம் இருந்த ஊர்களையும் குடியேற்ற ஆட்சி மேட்டு நிலத்துக்குப் பெயர்த்துவிட்டது. பூங்காவுக்குள்ளேயே ரெக்கோமிட்ஜி என்ற இடத்தில் 1959 முதல் ஈ ஆராய்ச்சி நிலையம் ஒன்று இயங்குகிறது. நீல, கறுப்புத் துணியையும் மாட்டின் மூச்சு வாடையையொத்த வேதிப்பொருளையும் வைத்து ஈயை வரவழைத்துக் கொல்லும் பொறியை மேம்படுத்தியதில் இந்த நிலையத்துக்குப் பெரும் பங்குண்டு. பயணிகள் நீல நிற உடை அணிய வேண்டாம் என்று சொல்வது இதனால்தான். 1990களிலிருந்து அங்கே ஈக்கள் வேகமாகக் குறைந்துவருகின்றன. கூடிவரும் வெப்பமே காரணம் என்று 2018ல் வெளியான ஆய்வு சொன்னது. கடி வாங்கும் பயணிக்கு மகிழ்ச்சி. பள்ளத்தாக்கு தன் பழைய காவலனை இழக்கிறது.

இனி, போகிறவருக்கு என்ன கிடைக்கும்?

முதலில் காட்டு நாய்கள். உலகில் ஆறாயிரத்துச் சொச்சம் ஆப்பிரிக்கக் காட்டு நாய்களே மிஞ்சியுள்ளன; அவற்றை நடந்துபோய், தரையில் குந்தி உட்கார்ந்து பார்க்கக்கூடிய இடம் இது. குட்டிகளுக்கு இறைச்சியைக் கக்கி ஊட்டுவதும், வேட்டைக்கு முன் ஒன்றையொன்று முகர்ந்து துள்ளுவதும் இவற்றின் வழக்கம். மனா பூல்ஸ் நாய்க் கூட்டங்கள் சில பபூன்களை வேட்டையாடவும் பழகியிருக்கின்றன. பபூனின் கோரைப்பல்லைப் பார்த்தவர்களுக்கு இது எவ்வளவு துணிச்சல் என்று புரியும்.

பூங்காவின் தென்கோடியில், மலையடிவாரத்தில் சித்தாக்கே ஊற்று இருக்கிறது. ஆற்றிலிருந்து வெகு தூரம். வறண்ட மாதங்களில் சுற்றுவட்டாரத்துக்கு அதுதான் தண்ணீர். நூற்றுக்கணக்கில் காட்டெருமைகள் புழுதி கிளப்பி இறங்கும். மேலே கரைப்புதரில் சிங்கங்கள் படுத்திருக்கும். அங்கே கழிவறைகூடக் கிடையாது. பெருக்க (பாவோபாப்) மரங்கள் நிற்கும் ஒரு குன்றும், கூடாரம் போட மண்ணும், இரவு முழுக்க உறுமலும்தான். முதல் முறை ஆப்பிரிக்கா போகிறவருக்கு இதை நான் சொல்ல மாட்டேன்.

ஆற்றில் கனூ படகில் இறங்குவது இன்னொரு வழி. நீரோட்டமே தள்ளிக்கொண்டுபோகும். பயப்பட வேண்டியது முதலையைவிட நீர்யானைக்கு. அச்சம் வந்தால் அது ஆழத்துக்கு ஓடும். அதன் வழியில் படகு நின்றால் கவிழும். ஆகவே ஆழமில்லாத ஓரத்தை ஒட்டிப் போவதும், துடுப்பால் படகைத் தட்டி வருகையை அறிவிப்பதும் வழக்கம். செப்டம்பரில் செங்குத்தான மண்கரைகளில் செந்நிறப் பஞ்சுருட்டான்கள் ஆயிரக்கணக்கில் வளை தோண்டிக் குடியிருக்கும். கரை அரிப்பால் நன்மை அடையும் சில உயிர்களில் இதுவும் ஒன்றாக இருக்கலாம். மணல் திட்டில் முட்டையிடும் ஸ்கிம்மர் பறவைக்கோ அணை நீர் திடீரென்று ஏறினால் கூடே போய்விடும்.

நியமேப்பி கூடாரத் திடலில் சில கட்டுப்பாடுகள் உண்டு. பழம், குறிப்பாக ஆரஞ்சும் எலுமிச்சையும், கொண்டுவரக் கூடாது. ஒருமுறை ருசி கண்ட யானை அடுத்து வண்டிக் கதவைத் திறக்கக் கற்றுக்கொள்ளும். கடைசியில் சுடப்படுவது யானைதான். செருப்பை இரவில் வெளியே விட்டால் கழுதைப்புலி கவ்விக்கொண்டு போகும். வழிகாட்டியை அமர்த்துவதானால் ஜிம்பாப்வே உரிமம் உள்ளவரைத் தேடலாம். ஆண்டுக்கணக்கில் பயிற்சி, எழுத்துத் தேர்வு, துப்பாக்கித் தேர்வு, காட்டில் நேரடிச் சோதனை என்று கண்டத்திலேயே கடினமான தேர்வு முறைகளில் ஒன்று அது.

பூங்காவைச் சுற்றியுள்ள பகுதிகள் பல காலமாகக் கட்டணம் வாங்கி வேட்டைக்கு விடப்பட்டவை. பூங்காவுக்கும் அவற்றுக்கும் இடையில் வேலி இல்லை. பாஸ்வெல் போன்ற யானைக்கு எல்லைக்கோடு தெரியாது. சாப்பி பகுதியில் சில ஆண்டுகளுக்கு முன் வேட்டை நிறுத்தப்பட்டுச் சுற்றுலாவுக்கு மாற்றப்பட்டது. 2022ல் நாட்டின் தெற்கிலிருந்து 2,500க்கும் மேற்பட்ட விலங்குகளை லாரிகளில் ஏற்றி, சாப்பி உள்ளிட்ட வடக்குக் காப்பகங்களுக்குக் கொண்டுவந்தார்கள். தென்பகுதியின் வறட்சிதான் அதற்குச் சொன்ன முக்கியக் காரணம். வடக்கில் மட்டும் என்ன வாழ்கிறது என்று கேட்கத் தோன்றும். 2019ல் மனா பூல்ஸிலேயே புல் இல்லாமல் வைக்கோல் கட்டுகளை வரவழைத்துக் காட்டு விலங்குகளுக்குப் போட வேண்டியிருந்தது. போட்டது சரியா, இயற்கையை அதன் போக்கில் விட்டிருக்க வேண்டுமா என்று அன்று காரசாரமாக விவாதித்தார்கள். ஆற்றை அதன் போக்கில் விடாத ஓரிடத்தில் இரண்டாவது வாதத்துக்கு வலு குறைவு என்றே எனக்குப் படுகிறது.

அப்படியானால் அணையிலிருந்து செயற்கையாக ஒரு வெள்ளம் விடலாமே? கேள்வி புதிதல்ல. மனா பூல்ஸுக்கு மேலே சாம்பசியில் வந்து சேரும் கஃபூயே ஆற்றில், 1970களில் கட்டிய இத்தேசி-தேசி அணை, கீழேயுள்ள சமவெளிக்காக ஆண்டுக்கொரு முறை வெள்ளம் விடும் ஏற்பாட்டோடுதான் வடிவமைக்கப்பட்டது. 2004ல் ஜாம்பிய அரசும் மின்துறையும் டபிள்யூ.டபிள்யூ.எஃப். என்ற இயற்கைப் பாதுகாப்பு அமைப்பும் சேர்ந்து அதை இயற்கையின் ஓட்டத்துக்கு நெருக்கமாக மாற்றி இயக்க ஒப்புக்கொண்டன. ஆனால் கரிபாவின் கணக்கு பெரியது. இரண்டு நாடுகளின் மின்சாரம் அந்த நீரில் இருக்கிறது. பங்கிட்டுக் கொடுக்க சாம்பசி நதி ஆணையம் என்ற கூட்டு அமைப்பு இருக்கிறது. 2022 நவம்பர் இறுதியில் மின் உற்பத்திக்குப் பயன்படும் நீர் ஐந்து விழுக்காட்டுக்கும் கீழே போய், ஜிம்பாப்வே பக்கத்து மின்நிலையத்தை நிறுத்தச் சொன்னது அந்த ஆணையம். 2024 வறட்சியிலும் கிட்டத்தட்ட இதே கதை. நாளுக்குப் பத்துப் பன்னிரண்டு மணி நேரம், சில சமயம் அதற்கும் மேல், மின்வெட்டில் தவித்த இரு தலைநகரங்களான ஹராரேயிலும் லுசாக்காவிலும் போய் ஆல்பிடா கன்றுகளுக்காக மதகைத் திறக்கச் சொல்ல யாருக்கும் வாய் வராது. இப்போதைக்குக் கையில் இருக்கும் வழி சிறியது: முளைத்த கன்றுகளைச் சில இடங்களில் வேலி கட்டிக் காப்பது, முதிர்ந்த மரங்களின் அடியில் யானை பட்டை உரிக்காதபடி கம்பி வலை சுற்றுவது.